ஜெனரேட்டரின் பழைய ஆயில் எங்கே போகிறது?

கரியாலூர் மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் போனவர்களுக்கு அந்தப் புகை தெரியும். கறுப்பு என்றால் டீசல் சரியாக எரியவில்லை. நீலம் கலந்திருந்தால் ஆயிலும் எரிகிறது.

பழைய ஆயிலை வடிகட்டி டீசலோடு கலந்தால் காசு மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆயிலில் உள்ள துத்தநாகமும் கால்சியமும் எரிந்து மறையாது, சாம்பலாகும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 லாரிகளில் அது புகை ஃபில்டரை அடைக்கும். மிச்சம் பிடித்த காசு மெக்கானிக்குக்குத்தான்!

பங்கில் டீசலின் அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லி யாரும் கேட்கலாம். வண்டி டேங்கில் கலப்பதை யார் பார்ப்பது?

சரி, நம் ஜெனரேட்டருக்கு வருவோம். ஆயில் மாற்றும்போது பழையது கேனில் வெளியே போகிறது. எங்கே என்று ரிஜிஸ்டரில் இல்லை. 2016 விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். அடுத்த சர்வீஸுக்குள் அப்படி ஒருவரைச் செயலாளர் பிடித்து, ரசீதும் வாங்கி வைக்கவேண்டும்.