வாக்கும் வழிபாடும்



'வாக்கு' என்னும் சொல்லுக்குத் தமிழில் வேலை மிகுதி. வாயிற் பிறக்கும் பேச்சு வாக்கு. கொடுத்துக் காக்க வேண்டிய உறுதியும் வாக்கு. அம்மன் சந்நிதியில் அருள் வந்தவர் சொல்லுவதும் வாக்கு. தேர்தல் நாளில் மடித்துப் பெட்டியில் இடும் சீட்டுக்கும் அதுவே பெயர். 1971-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமிழ்நாட்டு மக்கள் அளித்த வாக்கு இவற்றுள் எதைச் சேர்ந்தது? அது ஆட்சியைப் பற்றிய தீர்ப்பா, ஆண்டவனைப் பற்றிய தீர்ப்பா? தேர்தல் முடிந்த கையோடு எழுந்த இந்த வழக்கு அரை நூற்றாண்டு கழிந்தும் ஓயவில்லை. பக்தியும் ஒழுக்கமும் கட்சியும் ஒரே முற்றத்தில் வந்து மோதிக்கொண்ட தேர்தல் அது.

நடந்ததை முதலில் நினைவுகூர்தல் நலம். 1971 சனவரியில் திராவிடர் கழகம் சேலத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு கூட்டியது. தந்தை பெரியார் கலந்துகொண்ட ஊர்வலத்தை எதிர்த்துச் சனசங்கத்தார் கறுப்புக் கொடி காட்டினர். எதிர்ப்பாளர் பக்கமிருந்து செருப்பு வீசப்பட்டது. அதன் பின்னரே ஊர்வலத்தார் இராமர் படத்தைச் செருப்பால் அடித்தனர் என்பது கழகத்தார் கூற்று. படங்களை வெளியிட்ட 'துக்ளக்' இதழின் படிகளை அரசு பறிமுதல் செய்தது. பறிமுதலே இதழுக்கு விளம்பரமாயிற்று. சட்டமன்றத் தேர்தலோ வாசலில் நின்றது. மாநாடு நடத்தியது தேர்தலில் நில்லாத திராவிடர் கழகம். தேர்தலில் நின்றது கலைஞர் மு. கருணாநிதி தலைமையிலான திராவிட முன்னேற்றக் கழகம். எதிரணியில் காமராசரின் பழைய காங்கிரசும் இராசாசியின் சுதந்திராக் கட்சியும் கைகோத்திருந்தன. இராமனை இழிவுபடுத்தியோருக்கா உங்கள் வாக்கு என்பதே அவ்வணியின் மேடைகளில் ஓங்கி ஒலித்த கேள்வி. சுவரெங்கும் அந்தப் படம்.

முடிவு வந்தது. 234 இடங்களில் தி.மு.க. பெற்றவை 184. பழைய காங்கிரசுக்கு 15, சுதந்திராக் கட்சிக்கு 6.

தேர்தலுக்குப் பின் இரு தரப்பாரும் ஒரே பிழையைச் செய்தனர் என்று சொல்லத் தோன்றுகிறது. பகுத்தறிவாளருள் சிலர், இராமனுக்கு எதிராகவே நாடு வாக்களித்துவிட்டது என்று மகிழ்ந்தனர். ஆத்திகருள் சிலரும் அதையே சொன்னார்கள், சொல்லி வருந்தினார்கள். தமிழ்நாட்டில் இனி இறைப்பற்றுக்கு இடமில்லை என்ற துயரம் அவர்களிடையே பரவியது. ஒருவருக்குக் கொண்டாட்டம், மற்றவருக்கு இழவு. ஆனால் இருவரும் வாசித்தது ஒரே உரையை. வாக்களித்தவர் என்ன நினைத்தார் என்று இருவருமே கேட்கவில்லை.

எண்களையே மீண்டும் பார்க்கலாம். 15 இடங்களே பெற்ற பழைய காங்கிரசு ஏறத்தாழ 35 விழுக்காடு வாக்குகளைப் பெற்றிருந்தது. இடங்களின் கணக்கில் மறைந்துபோன இம்மக்கள் அனைவரும் இராமனுக்காகவே வாக்களித்தவர் என்று சொல்ல இயலாது; காமராசர் கட்டிய பள்ளிக்கூடத்தையும் போட்ட மதிய உணவையும் மறவாதவர் அவர்களுள் பலர். அவ்வாறே மறுபக்கத்தில் உதயசூரியனுக்கு வாக்களித்தவர் எல்லாரும் நாத்திகர் அல்லர். அண்ணா மறைந்து ஈராண்டே ஆகியிருந்த காலம் அது. மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்திருந்தது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியது. நில உச்சவரம்பு 15 தரநிலை ஏக்கராகக் குறைந்தது. இந்திரா காந்தியின் காங்கிரசு சட்டமன்றத் தேர்தலிலிருந்து ஒதுங்கி நின்று துணை செய்தது. உதயசூரியனைப் பொங்கலன்று வாசலில் கும்பிட்ட கையே மாசியில் அச்சின்னத்தில் முத்திரை குத்தியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டில் 'ஆதி பராசக்தி' திரைப்படம் வெளிவந்தது. மக்கள் திரண்டு சென்று கண்டனர். இறைப்பற்று இறந்துபோன நாட்டில் நிகழக்கூடியது அன்று இது.

அதற்கு முந்திய ஆண்டில், 1970-இல், நெடுங்காலம் ஓடாதிருந்த திருவாரூர் ஆழித்தேர் மீண்டும் வீதிக்கு வந்தது. முன்னின்று முயன்றது நாத்திகர் என்று ஏசப்பட்ட முதலமைச்சரின் அரசு. கோயில் தேர் வேறு, கொள்கை வேறு என்று அன்றைய வாக்காளர் பிரித்தறிந்தார். திராவிடர் கழகம் வேறு, தி.மு.க. வேறு என்பதையும் அவர் அறிந்திருந்தார். 1953-இல் பெரியார் பிள்ளையார் உருவங்களை உடைத்தபோது, பிள்ளையாரை உடைப்பதுமில்லை, அவருக்குத் தேங்காய் உடைப்பதுமில்லை என்ற நிலையை அண்ணா மேற்கொண்டதாக இன்றுவரை வழங்குகிறது. திருமூலரின் தொடரொன்றையே அவர் தம் இயக்கத்தின் முழக்கமாக ஆக்கிக்கொண்டார். நாத்திகத் தந்தைக்கும் ஆத்திகத் தாய்க்கும் பிறந்த பிள்ளைபோல் அக்கட்சி வளர்ந்தது. வாக்காளருக்கு அதில் குழப்பமில்லை. குழம்பியவர் அறிஞரே.

எனினும் ஆத்திகரின் மனக்காயத்தை அற்பமென்று தள்ளிவிடல் அறமாகாது. பிள்ளையார் உடைப்பு வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1958-இல் வந்த தீர்ப்பு, ஒரு கூட்டத்தார் புனிதமாகப் போற்றும் பொருள் எத்துணை எளியதாயினும் அவர்தம் உணர்வை மன்றங்கள் மதிக்க வேண்டும் என்ற கருத்தை வற்புறுத்தியது. கீழ்மன்றங்கள் சட்டத்தைக் குறுக்கிப் பொருள் கொண்டதை ஏற்கவில்லை. காலம் மிகவும் கடந்துவிட்டது என்பதால் வழக்கை மேலும் நடத்தச் சொல்லவுமில்லை. இராசாசியின் வருத்தம் அரசியல் வேடமன்று. 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதி 1958-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற முதியவர், தொண்ணூற்றைக் கடந்த வயதில், தம் நாயகன் படம் தெருவில் அடிபடக் கண்டார். ஆனால் 1967-இல் இதே தி.மு.க.வோடு அணி சேர்ந்து, பூணூலை ஒரு கையால் பற்றிக்கொண்டு மறுகையால் வாக்களியுங்கள் என்று தம்மவரிடம் அவர் சொன்னதாகப் பரவலாக வழங்கும் பேச்சும் உண்டு. நம்பிக்கையையும் வாக்கையும் இரு கைகளில் தனித்தனியே பிடிக்கலாம் என்று கற்றுக்கொடுத்தவர் அவரே. 1971-இல் மக்கள் அந்தப் பாடத்தையே ஒப்பித்தார்கள் என்று சொன்னால் அது ஏளனமன்று.

இலக்கிய வட்டமொன்றில் பேசும்பொழுது சேலம் என்ற ஊரின் மற்றொரு நினைவையும் தொட்டாக வேண்டும். 1943-இல் அண்ணா கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று வாதிட்டார். பிப்பிரவரியில் சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளை எதிர்நின்றார், மார்ச்சில் அதே சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார் எதிர்நின்றார். கொளுத்துவோம் என்ற சொல் மென்மையானதன்று. ஆயினும் அங்கே மேடை இருந்தது, எதிர்வாதிக்கு நாற்காலி இருந்தது, கேட்கும் அவை இருந்தது. அந்த வாதங்கள் 'தீ பரவட்டும்' என்று நூலாகி, கம்பன் அன்பரும் வாங்கிப் படிக்கும் பொருளாயின. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதே ஊரில் அதே இராமனைப் பற்றிய கேள்வி செருப்பின் வழியாகக் கேட்கப்பட்டது. தேர்தல் சுவரொட்டியின் வழியாக மறுமொழி வந்தது. இரண்டிலும் வாதமில்லை. வாலியை மறைந்து கொன்றது முறையா என்று பின்னாளில் 'மூன்று வினாக்கள்' என நூலெழுதி ஆராய்ந்தவர் நீதியரசர் மு.மு. இசுமாயில், பிறப்பால் முசுலிம், கம்பனுக்கு அடியார். இராமனைக் கேள்வி கேட்கவும் இராமனை நேசிக்கவும் ஒருவரால் ஒருங்கே முடியும் என்பதற்கு அவரே சான்று. தேர்தல் மேடையில் அத்தகையவருக்கு இடமிருந்திராது.

ஒழுக்கம் பற்றிய சண்டை இதைவிடச் சுவையானது. அதில் இலக்கணமும் புகுந்தது. ஒருவருடைய மனைவி வேறொருவரை விரும்புவதைக் குற்றமாக்கக் கூடாது என்ற பொருள்பட அம்மாநாட்டில் ஒரு தீர்மானம் இருந்தது. அது ஆங்கில நாளேட்டுச் செய்தியாக மாறியபோது, பிறன் மனைவியை விரும்புவது குற்றமன்று என்றாகிவிட்டது. 'மனைவி விரும்புவது' என்பதற்கும் 'மனைவியை விரும்புவது' என்பதற்கும் இடையே நிற்பது இரண்டாம் வேற்றுமை உருபு, ஓர் ஐகாரம். முதலதில் பெண் எழுவாய். அவளுக்கு மனம் உண்டு. இரண்டாவதில் பெண் செயப்படுபொருள், ஆசைப்படுவோன் ஆண். பிறனில் விழையாமை என்று வள்ளுவர் அதிகாரம் வகுத்த நாட்டில் இரண்டாவது வாசகம் எத்தகைய அருவருப்பை எழுப்பியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாக்குக் கேட்க அது பயன்பட்டது. பெண்ணின் மனம் என்ற பொருள் விவாதத்திற்கே வராமற் போயிற்று. தீர்மானம் சரியா தவறா என்பது வேறு. அது வாசிக்கப்படவே இல்லை என்பதுதான் குறை. 2018 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை நீக்கிற்று. மனைவியைக் கணவனின் உடைமைபோல் அச்சட்டம் கருதியது என்பது காரணங்களுள் ஒன்று. அப்போதாவது சேலத்து எழுவாய் யாருக்கேனும் நினைவு வந்ததா?

இந்த விவாதத்தைக் காட்டுப்பாக்கத்தில் நின்று நடத்துவதற்கு ஒரு தகுதி உண்டு. நெய்தல் நிலத்து ஊரைக் குறித்த 'பாக்கம்' காட்டோடு வந்து ஒட்டிக்கொண்ட விந்தையை மொழியறிஞர் ஆராயட்டும். இங்கிருந்து மேற்கே குமணன்சாவடியைக் கடந்தால் திருக்கச்சி நம்பிகளின் பூவிருந்தவல்லி. அதே நெடுஞ்சாலையில் மேலும் சென்றால் இராமானுசர் பிறந்த திருப்பெரும்புதூர். தெற்கே மாங்காட்டுக் காமாட்சி, அதற்கப்பால் சேக்கிழார் பிறந்த குன்றத்தூர். வடக்கே கருமாரியின் திருவேற்காடு. பக்தியும் ஒழுக்கமும் ஒன்றோடொன்று பொருதிய கதைகள் இந்தச் சுற்றுவட்டத்திலேயே விளைந்திருக்கின்றன.

திருவேற்காட்டுப் பெருமை பேசுவோர் பலர் மூர்க்க நாயனாரை விரைந்து கடந்துவிடுவர். அடியார்க்கு அமுதிட்டுச் செல்வமெல்லாம் தீர்ந்தபின் சூதாடிப் பொருளீட்டியவர் அவர். பந்தயம் தர மறுத்தவரைச் சுரிகை உருவிக் குத்தினார் என்கிறது பெரிய புராணம். அடுத்த ஊராராகிய சேக்கிழார் இதை மறைக்கவில்லை, மன்னிப்புக் கோரவுமில்லை. சூது தீது என்பதும் மெய், பசித்தவன் உண்டான் என்பதும் மெய். ஆடித் திங்களில் கருமாரிக்குக் கூழ் வார்த்துவிட்டு, படியரிசித் திட்டம் தந்த கட்சிக்கு வாக்களித்த ஓர் ஏழைப் பெண்ணை முரண்பாடுடையவள் என்று கண்டிப்போர், அறுபத்து மூவர் வரிசையில் நிற்கும் இந்த நாயனாரை முதலில் கண்டிக்க வேண்டியிருக்கும். கட்சிக்காரர் கை சுத்தமா என்று அவள் கேட்டிருக்கலாம், கேட்டும் வாக்களித்திருக்கலாம். உணவிடும் கையின் கறையை எவ்வளவு தூரம் பொறுப்பது என்பது புராண காலத்திலேயே தீராத கணக்கு.

திருக்கச்சி நம்பிகளின் கதையோ இன்னும் ஆழமானது. அந்தணரல்லாத அப்பெரியார் காஞ்சியில் பேரருளாளனுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்தவர். இறைவனோடு உரையாடியவர் என்று வைணவ மரபு போற்றும். அவர் உண்ட மிச்சிலை உண்ண விரும்பி இராமானுசர் விருந்துக்கு அழைத்தார். இராமானுசர் அவரைத் தேடி ஒரு வழியே சென்றிருக்க, நம்பிகள் வேறு வழியே வந்து உண்டு சென்றார். இராமானுசரின் மனைவி அவர் உண்ட இடத்தை மெழுகித் தூய்மை செய்து, மிகுந்ததைப் பிறர்க்கு ஈந்துவிட்டுப் புதிதாகச் சமைத்தார். ஒரே வீடு, ஒரே தெய்வம், ஒரே திருநாமம். ஆயினும் ஒருவர்க்குப் பிரசாதமாக இருந்தது மற்றவர்க்குத் தீட்டாயிற்று. பக்தர் என்று ஒற்றைச் சொல்லால் குறித்து, பக்தர் வாக்கு எங்கே போயிற்று என்று தேடுவோருக்கு இக்கதை விடை வைத்திருக்கிறது. அந்த வாக்கு ஒரு காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை.

1971 தேர்தலின் உள்ளே இந்தப் பழைய வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் பரம்பரை அருச்சகர் உரிமையை நீக்கும் சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. செருப்பைப் பற்றிப் பேசிய அளவுக்கு மேடைகள் கருவறையைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட மரபில் வந்த பக்தருக்கு எது பெரிய செய்தியாக இருந்திருக்கும்? இராமன் படத்தின்மேல் பட்ட அடி அவரையும் சுட்டிருக்கும். அதே இராமன் முன் தம் பிள்ளை மணியாட்டலாம் என்ற வாய்ப்பு அவரை ஈர்த்துமிருக்கும். 1972 மார்ச்சில் சேசம்மாள் வழக்கில் உச்சநீதிமன்றம் பரம்பரை நியமன ஒழிப்பை ஏற்றது. ஆகம வரம்பு மீறப்படலாகாது என்றும் சொன்னது. கதவு பாதி திறந்து நின்றது. 2006-இல் அரசு மீண்டும் முயன்றது. 2015-இல் மறுபடி தீர்ப்பு. 2021 ஆகத்தில்தான் பல சாதியினரும் பயிற்சி பெற்று அருச்சகர்களாக நியமனம் பெற்றனர்.

கொள்கையால் எதிரெதிர் நின்றோர் பகைவராக இருக்க வேண்டியதில்லை என்பதற்கும் அக்காலத்திலேயே சான்று உண்டு. குன்றக்குடி அடிகளாரும் பெரியாரும் ஒருவர் இருப்பிடம் ஒருவர் சென்றார்கள். குன்றக்குடியில் அளித்த திருநீற்றைப் பெரியார் மறுக்காது ஏற்றார் என்ற நிகழ்ச்சியைத் தமிழகம் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொண்டிருக்கிறது. இராசாசி 1972 திசம்பரில் மறைந்தபோது, உடல்நலம் குன்றிய நிலையிலும் பெரியார் சுடலை வரை சென்று கண்ணீர் விட்டார். அடுத்த ஆண்டு அதே திங்களில் அவரும் மறைந்தார்.

2020 சனவரியில் 'துக்ளக்' பொன்விழாவில் நடிகர் இரசினிகாந்து சேலத்து ஊர்வலத்தைக் குறிப்பிட்டார், மீண்டும் புயல். படம் எந்தக் கோலத்தில் இருந்தது, செருப்பு மாலை இருந்ததா என்று தொலைக்காட்சிகள் நாட்கணக்கில் வழக்காடின. 1971-இல் வாக்களித்தவருள் பலர் அன்று உயிரோடு இருந்தனர். மைக்குகள் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன், 2015-இல், கலைஞர் தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு உரையாடல் எழுதினார். தொடரின் நாயகர் இராமானுசர். அவர் பிறந்த ஊருக்குச் செல்லும் பேருந்துகள் இந்தக் காட்டுப்பாக்கத்தின் வழியேதான் போகின்றன.