கந்துவட்டி: சட்டத்துக்குள் வந்த தெருச் சொல்

(மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சட்டத்துல இருக்கிற வார்த்தை நமக்குப் புரியாதுன்னு ஒரு பேச்சு உண்டு. 2003-இல் தமிழ்நாட்டில் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்துக்கு அது பொருந்தாது. அதன் ஆங்கில வாசகத்திலேயே கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம்ம தெருச் சொற்களை அப்படியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். வெறுமனே 'அதிக வட்டி' என்று எழுதியிருந்தால், "இது வட்டியே இல்லைங்க, தண்டல்"னு ஒருத்தர் தப்பிச்சிருப்பார்!

தண்டலையே எடுத்துக்கோங்க. 10,000 ரூபாய் கடன். 1,500-ஐப் பிடிச்சுக்கிட்டு 8,500-தான் கைக்கு வரும். தினமும் 100 ரூபாய், 100 நாள். கேட்க லேசா இருக்கு. ஆண்டுக் கணக்கில் போட்டால் 60 சதவீதத்தைத் தாண்டும். அரசு நிர்ணயித்த வீதத்துக்கு மேல் வட்டி வாங்கினாலே குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம்.

ஆனால் சட்டம் மாறின அளவுக்கு நம்ம பேச்சு மாறலை. கொடுத்தவரும் கடன்காரர், வாங்கினவரும் கடன்காரர். ஆனா திட்டும்போது அந்தச் சொல் வாங்கினவர் மேலதான் விழுது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அதுபோன்ற சாவுகளுக்கும் 'கடன் தொல்லை' என்றே பல நேரம் தலைப்பு போடுகிறோம். கடன் எங்கே போய் மிரட்டும்? மிரட்டுறது ஆள்தானே!

"வாசல்ல வந்து நிக்கிறான்"னு அவமானத்தோட மெதுவா சொல்வோம். கடனை வசூலிக்க வீட்டு வாசலிலோ வேலை செய்கிற இடத்திலோ வந்து நிற்பது, பின்தொடர்வது, பொருளைத் தொடுவது, மிரட்டுவது எல்லாம் இதே சட்டத்தில் குற்றம்தான். அவமானப்பட வேண்டியது நாம இல்லை. அசலையும் சட்டப்படியான வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கேட்கவும் வழி இருக்கு.

இப்போ தண்டல் போனுக்குள்ளேயும் வந்துடுச்சு. பெயர் மட்டும் 'ப்ராசஸிங் ஃபீஸ்'. கடன் ஆப்கள் உங்க தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. எடுத்து மிரட்டினால் 1930-க்கு அழையுங்க.

மனு எழுதும்போது 'கடன் தொல்லை தாங்க முடியவில்லை' என்பதோடு நிறுத்தாதீங்க. எந்தத் தேதியில் எவ்வளவு கைக்கு வந்தது, எவ்வளவு பிடித்தார்கள், இதுவரை எவ்வளவு கட்டினீங்க, யார் வந்து என்ன சொன்னார்கள் என்று எழுதுங்க. 'கந்துவட்டி' என்ற சொல்லையும் 2003 சட்டத்தையும் மனுவில் குறிப்பிடுங்க. ஜிபே ரசீது, கால் ரெக்கார்டிங், நோட்டுல போட்ட வரவு எதையும் அழிக்காதீங்க. காவல் நிலையத்தில் கொடுக்கலாம், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம், 1100-க்கும் அழைக்கலாம். மனு கொடுத்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்கி, அங்கேயே ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.