இருதயத் துடிப்பும் புதுத் தாயத்தும்



இன்று பலர் கைக்கடிகாரம் போன்ற ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். அது இராமுழுதும் இருதயத் துடிப்பை எண்ணிக் காலையில் காட்டுகிறது. அதில் 45 என்றோ 42 என்றோ கண்டவுடன் ஒருவர் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுகிறார். இன்னொருவர் ஆயுஷ்ய ஹோமத்துக்குக் கடன் தேடுகிறார். தாயத்தை அறுத்தெறிந்த கையிலேயே புதுத் தாயத்தைக் கட்டிக்கொண்டோம் என்பதல்லாமல் இதற்கு வேறென்ன அர்த்தம்? கருவியின் மேல் குற்றமில்லை. கேள்வி கேளாமல் நம்புவதுதான் குற்றம்.

அது எப்படி எண்ணுகிறது? பச்சை வெளிச்சத்தைத் தோலில் பாய்ச்சி, இரத்தம் வந்து போகும்போது திரும்பும் வெளிச்சம் கூடிக் குறைவதைக் கொண்டு கணக்கிடுகிறது. பட்டை தளர்ந்தாலும், கை குளிர்ந்தாலும் கணக்குத் தவறும்.

கணக்குச் சரியென்றே வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 60 முதல் 100 என்பது விழித்து ஓய்ந்திருக்கும் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு. தூக்கத்தில் தேகத்துக்கு வேலை குறைவு. மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு துடிப்பை மட்டுப்படுத்துகிறது. ஆகவே சுகமாயிருப்பவருக்கும் 50க்குக் கீழே இறங்குவதுண்டு. நெடுந்தூரம் ஓடிப் பழகியவருக்கு 40க்குக் கீழும் போகும். தூக்கத்தில் மட்டும் துடிப்புக் குறைகிறது, வேறு காரணமில்லை என்றால் பேஸ்மேக்கர் வைக்கலாகாது என்று 2018இல் அமெரிக்க இருதய வைத்தியச் சங்கங்கள் வெளியிட்ட நெறிமுறையே சொல்லுகிறது.

அப்படியானால் கவலையே வேண்டாமா என்பீர்கள். அப்படி இருந்துவிடுவதும் மூடத்தனமே. பகலில் மயக்கம், தலைசுற்றல், மூச்சுத்திணறல், மார்வலி, தீராத அசதி இருந்தாலும், வழக்கமாக உள்ள எண் காரணமின்றி இறங்கிக்கொண்டே போனாலும் வைத்தியரிடம் போக வேண்டும். மயங்கி விழுந்தாலோ, மார்வலி வந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். துடிப்புக் குறைய அதுவும் ஒரு காரணம். தைராய்டு சுரப்புக் குறைவும், இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தும் காரணமாகலாம். ஆனால் அம்மருந்தை நீங்களாக நிறுத்தினால் ஆபத்து.

ஆகையால் தோழர்களே, காலையில் எண்ணைக் கண்டு நடுங்குமுன், மணிக்கட்டில் விரலை வைத்து ஒரு நிமிஷம் நாடியை நீங்களே எண்ணிப் பாருங்கள். தேகம் எப்படியிருக்கிறதென்று யோசியுங்கள். சந்தேகமிருந்தால் ஹோமத்துக்கு வைத்திருக்கும் பணத்தை ஒரு இ.ஸி.ஜி.க்குச் செலவிடுங்கள். அதில் புரோகிதருக்குத்தான் நஷ்டமே தவிர உங்களுக்கு நஷ்டமில்லை என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.