காற்றில்லா வானத்தில் ஒரு காற்று



மன்னாரிலே காற்றைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். சோழகம், வாடை, கச்சான், கொண்டல் என்றால் பேசாலைச் சிறுவனுக்கும் திசை தெரியும்.

புறநானூற்றின் 35ஆம் பாட்டிலே வெள்ளைக்குடி நாகனார், காற்று ஊடே இயங்காத வானம் ஒன்றைச் சொல்கிறார். காற்றுக்கும் ஓர் எல்லை உண்டு என்ற எண்ணம் அது. இதைக் கொண்டு சங்கப் புலவரை விண்வெளி விஞ்ஞானியாக்கி மேடையில் முழங்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. கூர்ந்து பார்த்த கண், அவ்வளவு போதும்.

அந்த வானத்திலும் ஒன்று வீசத்தான் செய்கிறது. 1958இல் இயூஜின் பார்க்கர் அதனைக் கணித்துச் சூரியக்காற்று என்றார். 1962இல் மரினர் 2 விண்கலம் ஐயமற அளந்தது. புரோத்தன்களும் இலத்திரன்களும் செக்கனுக்குச் சுமார் 400 கிலோமீற்றர் வேகத்தில் பாயும் வெள்ளம் அது. செவ்வாய்க்குப் பூமியைப் போன்ற காந்தக் கவசம் இன்று கிடையாது. அதன் மேல்வளியை இக்காற்று செக்கனுக்கு ஏறத்தாழ 100 கிராம் வீதம் அள்ளிச் செல்வதாக, 2015இல் மேவன் விண்கல ஆய்வாளர் அறிவித்தனர். 100 கிராம் என்பது ஒரு கை பருப்பு. பல நூறு கோடி ஆண்டுகள் அள்ளினால் என்ன மிஞ்சும்?

நமக்குக் கவசம் உண்டு. ஆனாலும் அது அதிரும். 2024 மே மாதப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் வானம் செந்நிறமானது. மன்னாரில் அந்த ஒளி தெரியாது. ஆனால் நம் பகுதி காந்த மத்திய கோட்டுக்கு அண்மையில் உள்ளது. அக்கோட்டை ஒட்டி, சுமார் 105 கிலோமீற்றர் உயரத்தில், பகலில் ஒரு மின்னோட்டம் ஆறுபோல் ஓடுகிறது. அக்கோடு அருகே செல்வதால்தான் 1963இல் கேரளத்தின் தும்பாவிலிருந்து ஆய்வு ரொக்கெட் ஏவினார்கள். துருவப் பக்கம் சூரியக்காற்று மோதினால், சற்று நேரத்தில் இந்த ஆறும் தடுமாறுகிறது. அயன மண்டலமே குழம்புகிறது. சிற்றலை வானொலி மங்குவதும் அதனாலேதான்.

பாக்கு நீரிணையில் இரவிலே வலை விடுபவருக்குக் கடல் எல்லை கண்ணுக்குத் தெரியாது. கையிலுள்ள ஜி.பி.எஸ். கருவிதான் காட்டும். அதன் சமிக்ஞையோ குழம்பிய அந்த மண்டலத்தை ஊடறுத்தே வரவேண்டும். எல்லை தவறினால் படகு போகும், ஆளும் மறியலுக்குப் போவார்.

2024 ஜனவரியில் ஆதித்யா எல்1 விண்கலம், பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் நிலைகொண்டது. அதைக் கடக்கும் காற்று நம்மை அடைய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். கடற்றொழிலாளருக்கான வானிலை அறிக்கையில், சோழகத்துக்கும் வாடைக்கும் பக்கத்தில், இந்தக் காற்றுக்கும் ஒரு வரி ஒதுக்கினால் என்ன?