தொட்டியோரத்து இடுக்கு

அசையும் மூட்டை அசையாப் பொருளால் அடைக்க முடியாது. இன்று நான் பேசப்போவது இவ்வொன்றைப் பற்றியே. அதற்கு எடுத்துக்கொண்ட இடமோ மிகச் சிறியது: குளியல் தொட்டியின் விளிம்பும் சுவரும் சேருமிடத்தில் உள்ள, விரற்கடையினும் குறுகிய இடுக்கு.

வாளியும் செம்பும் கொண்டு நீராடுவதே நம் வழக்கம். ஆயினும் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலையும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கிய பின், கொரியரும் ஜப்பானியரும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திற்கு வரலாயினர். வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்திருப்பது ஜப்பானியர் பலருக்கு அன்றாட வழக்கம். அத்தகையோர் தங்கும் இல்லங்களில் தொட்டி வந்தது. தொட்டியுடன் இடுக்கும் வந்தது.

நம் கொத்தனார் அவ்விடுக்கில் வெள்ளைச் சிமெண்டைக் குழைத்துப் பூசுவார். பார்க்க அழகாகவே இருக்கும். சில திங்களில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும். அவரைக் குறை கூறுமுன் கணக்கைப் பாருங்கள். இக்காலத் தொட்டிகள் பலவும் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஒரு மீட்டர் அக்ரிலிக், வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் நீளும். ஒன்றரை மீட்டர் தொட்டி 20 பாகை சூடேறினால் நீட்சி 2 மில்லிமீட்டரைத் தாண்டும். சுவர் அதே அளவு சூடேறினாலும் ஏழில் ஒரு பங்கு அளவே நீளும். அன்றியும், 150 லிட்டர் நீரின் எடை 150 கிலோகிராம். அதில் ஒருவர் இறங்கினால் 200-ஐக் கடக்கும். அப்பாரத்தில் தொட்டி சற்றே தாழ்கிறது. நீர் வடிந்ததும் எழுகிறது. இத்தனை அசைவுக்கும் சிமெண்ட் ஈடுகொடாது.

ஒரகடத்தை அடுத்த ஒரு மாடி வீட்டை நான் பார்க்க நேர்ந்தது. மேல்தளத்தில் தொட்டி, கீழ்த்தளத்து ஒற்றை அறையில் தொழிற்சாலைக்கு முறை மாறிச் செல்லும் இளைஞர் ஐவர். இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கிய ஒருவரின் தலைமாட்டில் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்திருந்தது. கசிந்த நீர் தளத்தினுள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு, இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டை வெளியே தள்ளும். குழாயில்தான் கோளாறு என்றெண்ணி வீட்டுக்காரர் தரையை இருமுறை உடைத்துப் பார்த்துவிட்டார். குழாய் நலமாகவே இருந்தது. தொட்டியோரத்து வெடிப்பினுள் நான் ஒரு தாளைச் செருகினேன். அது தடையின்றி இறங்கிற்று.

மரக்கலம் கட்டியோர் இதனை நன்கறிவர். பலகை இடுக்குகளில் நாரைத் திணித்து அடைக்கும் தொழிலுக்குக் கலப்பற்று என்று பெயர். நமக்கு இன்று வாய்த்திருப்பது சிலிக்கோன் பசை. இதன் மூலப்பொருள் மணலிலிருந்து கிடைக்கும் சிலிக்கன். 1940-இல் அமெரிக்க வேதியியலாளர் ராக்கோ கண்ட முறையால் இது பெருமளவில் செய்யத்தக்கதாயிற்று. மணலை உருக்கிச் செய்யும் கண்ணாடிக்கு இது உறவு எனலாம். கண்ணாடியை இது இறுகப் பற்றுவதும் அதனால்தான். காற்றின் ஈரத்தை உண்டு இறுகி, ரப்பர் போலாகும். சிலவகைப் பசை இறுகும்போது காடி நாற்றம் வீசும். வெளிப்படுவது அசெட்டிக் அமிலமே. சலவைக்கல் உள்ள இடத்தில் அவ்வகை ஆகாது.

பழைய சிமெண்டின் மேலேயே பசையைத் தடவிவிடலாமே என்றார் வீட்டுக்காரர். நான் இசையவில்லை. வெடித்த பூச்சின் மேல் இட்டது, பூச்சு பெயரும்போது உடன் பெயரும். பழைய சிலிக்கோன் மேல் புதியது ஒட்டுவதுமில்லை. கீழ்த்தளத்து இளைஞர் இருவர் உளியெடுத்து வந்து சுரண்டித் தந்தனர். பின்பு இடுக்கைத் துடைத்து, ஒரு நாள் உலரவிட்டோம்.

அடுத்த படி பலருக்கு வியப்பளிக்கும். பசையிடுமுன் தொட்டியில் நீரை நிரப்ப வேண்டும். அப்போதுதான் தொட்டி தாழ்ந்து, இடுக்கு மிக அகன்று நிற்கும். அந்நிலையில் இட்ட பசை, நீர் வடிந்தபின் சற்று நெருக்குண்டு கிடக்குமேயன்றி இழுபட்டுக் கிழியாது. இடுக்கு ஆழமாயின் முதலில் நுரைக்கயிறு ஒன்றைச் செருகுவர். பசை சுவரையும் தொட்டியையும் மட்டுமே பற்ற வேண்டும்; அடியிலும் ஒட்டிக்கொண்டால் தாராளமாக நீள இயலாது. இருபுறமும் காகித நாடா ஒட்டி, ஒரே இழுப்பாகப் பசையிட்டு, சோப்பு நீரில் நனைத்த விரலால் வழித்து, பசை தோல் கட்டுமுன் நாடாவை உரித்துவிட வேண்டும்.

ஒரு நாளில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஆழமே இறுகும். ஆகவே இரண்டு நாள் தொட்டி நீரை வடிக்கலாகாது என்று சொல்லி வந்தேன். மேல்தளத்தார் அவ்விரு நாளும் பின்கட்டில் வாளியும் செம்புமாகக் குளித்தனர்.