எம்.சி. சீட்டு மட்டும் போதுமா?

(தெலுக் பங்லிமா காராங் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



இங்கே பலருடைய பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். நீங்கள் இன்று தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறீர்கள். காய்ச்சல் வந்தால் சம்பளம் போய்விடுமே என்ற பயம் மட்டும் இன்னும் நம்மை விடவில்லை.

நோய் விடுப்புக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளி செய்யும் தர்மம் அல்ல. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், 60எஃப் பிரிவு தரும் உரிமை அது. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். மருத்துவமனையில் தங்க வேண்டிய நிலை என்றால் 60 நாள். முன்பு அந்த 60 நாளுக்குள்ளேயே சாதாரண எம்.சி.யையும் கழித்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் இரண்டும் தனித்தனிக் கணக்கு.

யார் கொடுக்கும் எம்.சி. செல்லும்? கம்பெனி நியமித்த பேனல் டாக்டரிடம்தான் முதலில் போக வேண்டும். கம்பெனி யாரையும் நியமிக்கவில்லை, அல்லது நோயின் நிலையைப் பார்த்தால் நியாயமான நேரத்திலோ தூரத்திலோ அவர் கிடைக்கமாட்டார் என்றால், பதிவு பெற்ற வேறு டாக்டரிடமோ அரசாங்க மருத்துவ அதிகாரியிடமோ போகலாம். நள்ளிரவில் பிள்ளைபோல் துடிக்கிறவர் காலையில் பேனல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பரிசோதனைச் செலவும் முதலாளியுடையது. நாட்டு வைத்தியர் சீட்டு, மருந்துக்கடை ரசீது, கிளினிக்கின் டைம் ஸ்லிப் எதுவும் எம்.சி. ஆகாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எம்.சி. கையில் இருந்தும் பலர் தோற்பது இங்கேதான். விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்தால், உண்மையான எம்.சி. இருந்தாலும் அனுமதியில்லாமல் வராதவர் என்றே சட்டம் கருதும். அப்படித் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் போனால் வேலைக்கே ஆபத்து.

ஆகவே டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப் அனுப்புங்கள். அவர் போனை எடுக்காவிட்டாலும் நீங்கள் கூப்பிட்ட பதிவை அழிக்காதீர்கள். முயன்றதற்கு அதுதான் சாட்சி. அசலைக் கொடுப்பதற்கு முன் எம்.சி.யைப் படம் எடுத்து வையுங்கள். நோயாளி எழ முடியாமல் கிடந்தால் வீட்டில் உள்ளவர்கள் தகவல் சொல்லுங்கள். காசு கொடுத்துப் போலி எம்.சி. வாங்காதீர்கள். ஒருவர் பிடிபட்டால் உண்மையான நோயாளியையும் சந்தேகப்படுவார்கள்.

வேலையிலோ வேலைக்குப் போகும் வழியிலோ விபத்து என்றால் சொக்சோவிடம் கேளுங்கள். விபத்து நாளோடு சேர்த்துக் குறைந்தது 4 நாள் எம்.சி. இருந்தால், கணக்கிட்ட சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும்.

சம்பளத்தை வெட்டினால் சம்பளச் சீட்டையும் எம்.சி. படத்தையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் மேற்பார்வையாளரின் எண்ணை மனைவி, கணவர், பிள்ளைகள் போனிலும் பதிந்து வையுங்கள். நோய் சொல்லிக்கொண்டு வராது. நாம் சொல்லிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.