வாசற்படிக்கு வெளியே

(சிதம்பரத்தில் மாணவர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி கேட்டார்: “இன்னைக்கு எதைப் பத்திண்ணே பேசப் போறீங்க?” செல்போன் கம்பெனிகளுக்குள்ள போட்டி இருக்கணுமா, ரெண்டு மூணு பேரே எல்லாத்தையும் வச்சுக்கலாமாங்கறதைப் பத்தி என்றேன். “அது முதலாளிங்க சண்டை. நமக்கு என்னண்ணே?” என்றார்.

நமக்கு என்ன என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

1990களின் தொடக்கத்தில் எங்க கிராமத்தில் போன் இருந்தது ஒரே வீட்டில். ஊர்த்தெரு வீடு. மெட்ராஸில் வேலைக்குப் போன என் அண்ணன் அந்த வீட்டுக்குத்தான் போன் போடணும். அவங்க மனசு வச்சா சேரிக்கு ஆள் அனுப்புவாங்க. எங்கம்மா ஓடிப்போய் வாசற்படிக்கு வெளியே நிக்கும். உள்ளே போகக் கூடாது, ரிசீவரைத் தொடக் கூடாது. அந்த வீட்டுக்காரர் காதில் வைத்துக்கொண்டு அண்ணன் சொல்வதைக் கேட்டு, இந்தப் பக்கம் திரும்பிச் சொல்வார். மகன் தாயிடம் பேசும் பேச்சு சாதியின் காது வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

அப்போது தொலைபேசி முழுக்க அரசுத் துறை. ஆகவே அரசு ஏகபோகம் பொற்காலம் என்று யாராவது சொன்னால் நம்மால் ஒப்புக்கொள்ள முடியாது. அதே துறையில்தான் இட ஒதுக்கீட்டில் நம்ம பிள்ளைகள் லைன்மேனாக, ஆபரேட்டராக, எஞ்சினியராகப் போனார்கள் என்பதையும் மறக்க முடியாது. ரெண்டும் உண்மை.

1994இல் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்குக் கதவைத் திறந்தது. 1997இல் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வந்தது. 1999இல் நிலையான உரிமக் கட்டணத்தைக் கைவிட்டு, வருமானத்தில் பங்கு கொடுத்தால் போதும் என்று முதலாளிகளுக்கு வழிவிட்டார்கள். 2003இல் வரும் அழைப்புக்குக் காசில்லை என்றானது. கூப்பிடுகிறவர்தான் கொடுக்கணும். எங்கம்மா கைக்கு போன் வந்தது அதுக்கப்புறம்தான். பத்து ரூபாய் போட்டுவிட்டு மாசக்கணக்கில் மிஸ்டு கால் கொடுத்தே காலம் தள்ளியது. அண்ணன் கூப்பிடுவார். நடுவில் எந்த வாசற்படியும் கிடையாது.

போட்டி அதைச் செய்தது. நம்மேல் இருந்த கருணையால் அல்ல. ஆள் பிடிக்கப் பத்துக் கம்பெனிகள் அலைந்தபோது சேரிக்காரரும் வாடிக்கையாளர் ஆனார்.

இந்தப் போட்டி எப்படி முடிந்தது? 2012இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்ததில் பலர் வெளியேறினார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாக இறங்கியது. 2018இல் தமிழ்நாட்டில் வளர்ந்த ஏர்செல் திவாலாகி, வாடிக்கையாளர்கள் நம்பரைக் காப்பாற்ற அலைந்தார்கள். அதே ஆண்டு வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. இன்று தனியார் மூன்று பேர், அரசுக்கு பி.எஸ்.என்.எல்.

இதில் ஒழுங்குமுறை என்ன செய்தது என்பதைக் கவனிக்கணும். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு அழைப்பு போனால், கூப்பிட்டவரின் கம்பெனி மற்றதற்கு நிமிடத்துக்கு 14 காசு கொடுக்கணும் என்று இருந்தது. டிராய் அதை 2017 அக்டோபரில் 6 காசாக்கியது. 2021 ஜனவரியில் ஒன்றுமில்லை என்றாக்கியது. புதிதாக வந்தவருக்கு லாபம், பழைய கம்பெனிகளுக்கு நட்டம். இதை முதலாளிகள் சண்டை என்று நாம் விட்டுவிட்டோம். ஆனால் எங்கம்மா மாதிரி அழைப்பை வாங்க மட்டும் போன் வைத்திருந்தவரால் கம்பெனிக்கு வந்த வருமானமே அந்தக் காசுதான். அது குறையக் குறைய ஏழை கம்பெனிக்குப் பாரம். 2018 கடைசியில் பழைய கம்பெனிகள் 28 நாளைக்குக் குறைந்தது 35 ரூபாய் போடு, இல்லையென்றால் வரும் அழைப்பும் நிற்கும் என்றன. 2024 ஜூலையில் தனியாரின் குறைந்தபட்ச 28 நாள் கட்டணம் 189, 199 ரூபாய். 28 நாள் என்பதால் வருஷத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதிமூன்று தடவை.

இன்டர்நெட் வேண்டாதவருக்குப் பேச்சுக்கு மட்டும் தனித் திட்டம் கொடு என்று டிராய் 2024 டிசம்பரில் சொன்னது. கொடுத்தார்கள். 84 நாள், 365 நாள் என்று, நானூறு ரூபாய்க்கு மேல் மொத்தமாகக் கட்டச் சொல்லி! நாள்கூலிக்காரர் மொத்தமாக எங்கே போவார்? விலையைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்று டிராய் ஒதுங்கி நிற்கிறது. பலர் போட்டியிட்டபோது அதற்கு ஒரு நியாயம் இருந்தது. மூன்று பேர் சில நாள் இடைவெளியில் ஒன்றாக விலை ஏற்றும்போது என்ன நியாயம்?

இன்னொன்று. வோடஃபோன் ஐடியா அரசுக்குக் கட்டவேண்டிய பாக்கி பங்குகளாக மாறி, 2025இல் அரசின் பங்கு சுமார் 49 விழுக்காடு ஆனது. 51 ஆனால் சட்டப்படி அது அரசு நிறுவனம், இட ஒதுக்கீட்டுக் கேள்வி வந்துவிடும். 49இல் நிறுத்தி நிர்வாகத்தை முதலாளியிடமே விட்டார்கள். மக்கள் பணம் உள்ளே போகலாம், நம்ம பிள்ளைகள் போகக் கூடாது. இதுவும் வாசற்படிதான் தோழர்களே. பி.எஸ்.என்.எல்.லிலோ 2020 ஜனவரியில் 78,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வில் போனார்கள். தனியார் 2012இலேயே தொடங்கிய 4ஜி, பி.எஸ்.என்.எல்.லுக்கு நாடு முழுக்க வந்தது 2025 செப்டம்பரில்தான்.

1938இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டையும் எதிரிகள் என்றார். 1947இல் அடிப்படைத் தொழில்கள் அரசுடைமையாகணும் என்று எழுதினார். சாதியை மட்டும் பேசு, கம்பெனியை விடு என்பவர்கள் அதைப் படிக்கட்டும்.

நம் கோரிக்கை எளிது. ரீசார்ஜ் போடாவிட்டாலும் வரும் அழைப்பை நிறுத்தாதே. பேச்சுக்கு மட்டுமான 28 நாள் திட்டத்துக்கு டிராய் உச்ச விலை வைக்கட்டும். பி.எஸ்.என்.எல்.லில் காலியிடங்களை இட ஒதுக்கீட்டோடு நிரப்பு. அரசு 49 விழுக்காடு பங்கு வைத்திருக்கும் கம்பெனியிலும் இட ஒதுக்கீடு கொடு.

போன மாசம் எங்கம்மா போனுக்கு ரீசார்ஜ் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் வேறொரு வீட்டுக்கு போன் போட்டார். அம்மா போய் நின்றது. எந்த வீடு என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஜெய்பீம்.